மின்னழுத்த உணரியும் உவமவியலும்

யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபொழுது, தமிழாசிரியன் ஒருவனிடமிருந்து அவர்கள் எதிர்பார்த்தது சங்க இலக்கியக் காட்சியோ கம்பனது கவிநயமோ ஆதல் வேண்டும். அவை பற்றி எழுத என்னிலும் வல்லார் பலர் இக்கல்லூரியின் பழைய மாணவருள் உளர். ஆகலின், என் மாணாக்கரிடமிருந்து நான் கற்றுக்கொண்ட செய்தி ஒன்றை இங்கு எழுதத் துணிந்தேன். அச்செய்தி மின்னியலைச் சார்ந்தது. கணினியில் மின்சுற்றைப் போலச் செய்துகாட்டும் மென்பொருள் ஒன்றினுள், மின்னழுத்த உணரி ஒன்றின் மாதிரியுருவைப் புதிதாகச் சேர்த்த வரலாறு அது. தமிழாசிரியனுக்கு அங்கு என்ன வேலை என அன்பர்கள் வினவலாம். அவ்வினாவுக்கு விடையாகவே இக்கட்டுரை அமைகின்றது.

மின்சுற்று ஒன்றைக் கம்பியும் ஈயப்பற்றும் கொண்டு செய்யுமுன்னர், அதனைக் கணினித் திரையில் வரைந்து, அது எவ்வாறு தொழிற்படும் என்பதைக் கணக்கிட்டுக் காட்டும் மென்பொருள்கள் இன்று பல உள. தடையி, கொள்ளளவி, திரான்சிற்றர் முதலாய உறுப்புகளை அவற்றின் தொகுதியிலிருந்து எடுத்து, கோடுகளால் இணைத்துவிட்டால், ஒவ்வோரிடத்தும் எத்துணை வோல்ற்று உண்டு, எத்துணை மின்னோட்டம் பாயும் என்பதை மென்பொருள் நொடிப்பொழுதிற் கூறிவிடும். உறுப்பு எரியாது, பணம் கரையாது, கை சுடாது.

இக்கணக்கின் வேர் பழையது. மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள தொடர்பினை ஓம் என்னும் அறிஞர் 1827 இல் நூலாக வெளியிட்டார். ஒரு சந்தியில் வந்துசேரும் மின்னோட்டமும் அதனைவிட்டுச் செல்லும் மின்னோட்டமும் சமம் என்பது முதலாய விதிகளைக் கேர்ச்சோவ் 1845 இல் வகுத்தார். அப்பொழுது அவர் பல்கலைக்கழக மாணவரே. இவ்விதிகளைக் கணினிக்குரிய கணக்காக்கும் பெருமுயற்சி, அமெரிக்காவிலே கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் நிகழ்ந்தது. ரொன் ரோறர் என்னும் ஆசிரியர் தம் வகுப்பு மாணவரைக் கொண்டே அத்தகைய செய்நிரல் ஒன்றினை எழுதுவித்தார். அவ்வகுப்பில் இருந்த லோறன்ஸ் நேகல் என்பார், பேராசிரியர் டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டலில் அம்முயற்சியைத் தொடர்ந்து, 1973 இல் ‘ஸ்பைஸ்’ என்னும் செய்நிரலை அறிஞர் முன்வைத்தார். வேண்டுவோர் எவரும் அதனைப் பெற்றுக்கொள்ளலாம் எனத் திறந்துவிட்டமை பெடர்சனின் பெருந்தன்மை. இன்று உலகெங்கும் வழங்கும் மின்சுற்று மென்பொருள்கள் பலவற்றின் அடியில் அதன் வழித்தோன்றல்களே இருந்து கணக்கிடுகின்றன. வகுப்பறைப் பயிற்சியாகத் தொடங்கியது உலகத் தொழிலுக்கு ஊன்றுகோல் ஆயிற்று. மாணவர் கைவேலையை எளிதாக எண்ணுதல் தகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி எங்கள் கல்லூரிக்கு வருவாம். 2022 ஆம் ஆண்டு இந்நாட்டு மக்கள் பட்ட இன்னல் எவரும் மறக்கற்பாலதன்று. அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. அந்நியச் செலாவணி இன்மையால் இறக்குமதிப் பொருள்கள் அரியவாயின. கிடைத்தவையும் விலையால் எட்டாதனவாயின. அக்காலத்திலே பழைய மாணவர் சிலர் கூடி, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் மாலையில் நூலகத்தில் இருந்து படிக்குமாறு, சூரியப்படல் ஒன்றும் 12 வோல்ற்று ஈய அமிலப் பற்றரி ஒன்றும் சில விளக்குகளும் அளித்தனர். அவ்விளக்கொளியிற் படித்துப் பல்கலைக்கழகம் புகுந்தோர் உளர்.

ஈய அமிலப் பற்றரி ஓர் இயல்பு உடையது. நிறைந்து ஓய்ந்திருக்கும்பொழுது அதன் அழுத்தம் ஏறத்தாழ 12.7 வோல்ற்று. 11.8 வோல்ற்று அளவுக்கு இறங்கினால் அது வெறுமையுற்றது எனக் கொள்ளலாம். அதற்குக் கீழும் அதனை வருத்தினால், உள்ளிருக்கும் தகடுகள் கெட்டு, பற்றரி நாளடைவில் உதவாததாகிவிடும். அந்நாளிலே புதிய பற்றரி வாங்குதல் கல்லூரியால் ஆகாத காரியம். ஆகவே, பற்றரியின் அழுத்தத்தை இடையறாது கண்காணித்து, எல்லை வந்ததும் விளக்கை அணைக்கும் சிறு கருவி ஒன்றை ஆக்க உயர்தர வகுப்பு மாணவர் மூவர் முன்வந்தனர். உறுப்புகளை வாங்கி, பிழைவிட்டு, எரித்து, மீண்டும் வாங்கிக் கற்கும் வசதி அவர்க்கு இல்லை. எனவே, மின்சாரம் உள்ள வேளைகளில் கணினி அறையில் அமர்ந்து, மென்பொருளிலேயே முதலிற் செய்துபார்க்கத் தொடங்கினர். அவர்களுக்கு வேண்டிய மின்னழுத்த உணரியோ அவர்கள் கையாண்ட மென்பொருளின் உறுப்புத் தொகுதியில் இருக்கவில்லை. இல்லாத உறுப்பைத் தாமே ஆக்கிச் சேர்ப்பதென முடிவு செய்தனர்.

அவர்கள் என்னிடம் வந்தது சொல் தேடி. “சேர், அறிக்கையைத் தமிழில் எழுதவேண்டும். இவற்றுக்கு என்ன சொற்கள்?” என்று ஒரு தாளை நீட்டினர். அழுத்தத்தை அறிந்து கூறும் உறுப்புக்கு ‘உணரி’ என்றும், மென்பொருளில் அதனைக் குறித்து நிற்பதற்கு ‘மாதிரியுரு’ என்றும் வைத்தோம். மென்பொருளின் தொழிலுக்குப் ‘பாவனை’ என்னும் சொல்லை ஒருவர் கூறினார். அச்சொல் பொருந்தியதே, ஆயினும் எங்கள் நாட்டு வழக்கிலே பாவனை என்பது பயன்படுத்துதலையும் குறிக்குமாகலின், படிப்போர் மயங்குவர் என அதனை விடுத்து, ‘போலச்செய்தல்’ எனக் கொண்டோம். அச்சொல்லை எழுதியவுடன் என் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. “எதைப் போல? எந்த வகையாற் போல?” என்று கேட்டேன். அவ்வினாவே எங்களைப் பல கிழமைகள் ஒருங்கிருத்தியது.

அவர்கள் செய்யக் கருதிய உணரி மிக எளியது. இரண்டு தடையிகளே அதன் உள்ளுறுப்பு; ஒன்று 30 கிலோ ஓம், மற்றையது 7.5 கிலோ ஓம். இரண்டும் தொடராக இணைந்து 37.5 கிலோ ஓம் ஆகின்றன. பற்றரியின் அழுத்தம் முழுவதும் இரண்டின்மேலும் விழ, சிறிய தடையியின்மேல் விழும் பங்கு ஐந்தில் ஒன்று. ஆகவே 25 வோல்ற்று வரை உள்ள அழுத்தம் 5 வோல்ற்றுக்குள் அடங்கிவிடுகின்றது. அந்த ஐந்திலொரு பங்கினை ஆர்டுயினோ என்னும் சிறு கணிப்புப் பலகை ஏற்று, எண்ணாக மாற்றுகின்றது. 5 வோல்ற்றை 1024 படிகளாக அது பகுக்கும். ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ற்று. பற்றரியின் பக்கம் நின்று நோக்கின், அதனை ஐந்தாற் பெருக்க, ஏறத்தாழ 24.4 மில்லிவோல்ற்று. பற்றரி நிறைந்த நிலைக்கும் வெறுமையான நிலைக்கும் உள்ள வேறுபாடு 0.9 வோல்ற்று எனக் கண்டோம். அவ்வேறுபாட்டினுள் 37 படிகள் அளவே அடங்கும். ஆயினும் நூலக விளக்குக்கு அது போதும்.

மாணவர் முதலில் ஆக்கிய மாதிரியுரு காண்பதற்கு அழகியது. உண்மைப் பலகையைப் படம்பிடித்தாற்போல வரைந்திருந்தனர். நிறம் அதே, முனைகளின் வரிசை அதே, அவற்றருகே எழுதிய எழுத்துகளும் அவையே. அப்படத்தின் பின்னே அவர்கள் வைத்த விதியோ ஒன்றே: உள்வரும் அழுத்தத்தை ஐந்தால் வகுத்து வெளியே தருக என்பது. மென்பொருளில் அதனை இணைத்தபொழுது யாவும் செம்மையாக நடந்தன. பற்றரிக்கு 12 வோல்ற்று எனக் கொடுத்தால், திரையில் 12 வோல்ற்று எனத் தோன்றியது. 11.8 க்கு இறக்கினால், விளக்கு அணைந்தது. மூவரும் மகிழ்ந்தனர்.

பின்னர், இரவலாகப் பெற்ற உறுப்புகளைக் கொண்டு உண்மைக் கருவியை மேசைமேல் இணைத்தனர். கருவி 12.9 வோல்ற்று எனக் காட்டி, ‘பற்றரி நிறைந்துள்ளது’ என்னும் பச்சை விளக்கை ஏற்றியது. பௌதிகவியல் ஆசிரியர் தமது பல்மானியை வைத்துப் பார்த்தார். அது 12.4 வோல்ற்று என்றது. செய்நிரலை வரிவரியாகப் படித்தும் அதிற் பிழை காணவில்லை. மென்பொருளில் மீண்டும் ஓட்டினர். அங்கு யாவும் சரியாகவே இருந்தன.

பிழை இருந்த இடத்தை ஆசிரியரே காட்டினார். கணிப்புப் பலகைக்கு மடிக்கணினியிலிருந்து ஒரு கம்பி வழியே மின் ஊட்டப்பட்டது. அங்கு 5 வோல்ற்று இருக்கும் எனச் செய்நிரல் நம்பிற்று, அளந்தபொழுது 4.8 வோல்ற்றே இருந்தது. அளவுகோலே குறுகினால், அளக்கப்படும் பொருள் நீண்டதாகத் தோன்றும் அன்றோ? 12.4 இன் ஐந்திலொரு பங்கு 2.48 வோல்ற்று. 4.8 வோல்ற்றை 1024 ஆகப் பகுத்த படிகளால் அளந்தால் அது 529 ஆம் படி. அந்த 529 ஐ 5 வோல்ற்றுக்குரிய படி என எண்ணித் திருப்பிப் பெருக்கினால் 12.9 வரும். இவ்வாறே விட்டிருந்தால், 11.8 இல் அணைக்கவேண்டிய கருவி, பற்றரி உண்மையில் 11.3 ஆகும்வரை விளக்கை எரியவிட்டிருக்கும். காவலாக வைத்த கருவியே பற்றரியைக் கொன்றிருக்கும்.

மென்பொருள் ஏன் இதனை முன்னரே கூறவில்லை? இங்கேதான் நான் கற்ற பாடம் உள்ளது. போலச்செய்யும் மென்பொருள் தன்னுள் வரைந்த சுற்றின் எல்லாச் சந்திகளின் அழுத்தத்தையும் கணக்கினால் அறிந்தே இருக்கின்றது. அதற்கு உணரி வேண்டுவதில்லை; எதையும் தொடாமலே அறியும். ஸ்பைஸ் வழி வந்த செய்நிரல்களில் ஓரிடத்து மின்னோட்டத்தை அறிய விரும்பின், அழுத்தம் சுழியமாகிய ஒரு மின்மூலத்தை அங்கே இடுவர். அஃது எதையும் மாற்றாது, ஆனால் ஓட்டத்தைக் கூறிவிடும். மொடெலிக்கா என்னும் மாதிரியாக்க மொழியின் பொது நூலகத்திலுள்ள மின்னழுத்த உணரியும் அத்தகையதே. அதன் இரு முனைகளிலும் ஓட்டம் சுழியம். வெளியீடு இரு முனைகளின் அழுத்த வேறுபாடு. அவ்வளவே அதன் இலக்கணம். அறிவதற்கு எவ்விலையும் கொடாத உணரி அது. சுற்றினை ஆராய்பவனுக்கு அஃது ஏற்றதே. ஆனால் சுற்றினுள் இருந்து உலகை அறியவேண்டிய சிறு கணிப்புப் பலகைக்கு அவ்வரம் இல்லை. அது தடையிகளின் வழியே அறிகின்றது; தன் அளவுகோலின் வழியே அறிகின்றது; அவற்றின் குறையெல்லாம் அதன் அறிவின் குறையாகின்றன. ஆகவே, உணரியின் மாதிரியுருவை மென்பொருளிற் சேர்த்தல் என்பது, எல்லாம் அறிந்த ஒன்றினுள் அறியாமையை அளவறிந்து வைத்தல் ஆகும். மாணவரின் முதல் மாதிரியுருவில் அந்த அறியாமை இல்லை.

அறிதற்கு விலை உண்டு என்பதை என் தலைமுறையினர் ஏட்டிலன்றி உடலாற் கற்றோம். 1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் அறுந்தது. ஆண்டுகள் பல நாங்கள் மின்சாரமின்றி இருந்தோம். பற்றரிகள் கொண்டுவருதற்கும் தடை இருந்தது. இரவில் ஜாம் போத்தல் விளக்கிற் படிப்பு. செய்தி கேட்பதற்குச் சைக்கிள். சைக்கிளை நிறுத்தி வைத்து, பின்சில்லைச் சுழற்ற, டைனமோ தரும் மின்னால் வானொலி பேசும். மிதிப்பவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைக்கும். வீட்டிலிருப்போர் “கொஞ்சம் மிதியடா தம்பி” என்பர். எங்கள் செவியே அன்று மின்னழுத்த உணரி. அப்பொழுது நான் கண்டது ஒன்று: வானொலியை இணையாமல் மிதித்தால் மிதிகட்டை எளிதாகச் சுழலும், இணைத்தவுடன் கால் கனக்கும். கேட்கவேண்டுமாயின் சுமக்கவேண்டும். 37.5 கிலோ ஓம் உணரியும் அவ்வாறே பற்றரியிலிருந்து 0.32 மில்லி அம்பியரை இடையறாது பெற்றுக்கொண்டே அதன் அழுத்தத்தைக் கூறுகின்றது. பற்றரிக்கு அது ஒரு பொருட்டன்று. 30 நாளில் அம்பியர் மணி ஒன்றின் காற்பங்கிற்கும் குறைவு. ஆனால் உட்தடை மிகுந்த நலிந்த மூலம் ஒன்றில் இதே உணரியை வைத்தால் நிலைமை வேறு. மூலத்தின் உட்தடையும் 37.5 கிலோ ஓம் ஆயின், உணரி உண்மை அழுத்தத்தின் பாதியையே காணும். காண்பதற்காக நெருங்கிய உணரியே காணப்படும் பொருளைத் தாழ்த்திவிடும்.

இவ்விடத்தில் உவமவியலுக்கு வருகின்றேன். ஒன்றை மற்றொன்று போல என்னுங்கால், வினை, பயன், மெய், உரு என நான்கு வகையால் ஒப்புமை கொள்ளலாம் எனத் தொல்காப்பியப் பொருளதிகாரத்து உவமவியல் வகுக்கின்றது. வினை என்பது தொழில். பயன் என்பது அத்தொழிலால் விளைவது. மெய் என்பது வடிவு. உரு என்பது நிறம். இவற்றுள் எதனாற் போலும் என்று அறியாமல் உவமையைப் பயன்படுத்துவோன் இடர்ப்படுவான். முகத்தை மதி என்றால், மதியைப் போல அதுவும் தேய்ந்து மறையும் எனக் கொள்ளலாமோ? மாணவருக்கு இதனை எடுத்துரைத்து, அவர்கள் மாதிரியுருவை இந்நான்கு கொண்டு நோக்குமாறு கூறினேன். உரு ஒத்தது. மெய் ஒத்தது; முனைகள் அவ்வவ்விடத்தே இருந்தன. பயனும் ஒத்ததுபோற் காணப்பட்டது. ஆனால் வினை ஒக்கவில்லை. உண்மை உணரி வகுத்தல் செய்வதில்லை. இரு தடையிகள் மின்னோட்டத்தை ஏற்கின்றன, அதன் விளைவாக அழுத்தம் பிரிகின்றது. வினையைப் போலச் செய்யாது விளைவை மாத்திரம் எழுதிவைத்தமையால், வினையிலிருந்து பிறக்கும் குறைகள் ஒன்றும் திரையில் தோன்றவில்லை. மூவருள் அதிகம் பேசாத மாணவன், “அப்படியானால் சேர், நாங்கள் வரைந்தது உணரியின் படம், உணரியை இன்னும் செய்யவில்லை” என்றான். உவமவியலுக்கு நான் பல ஆண்டுகள் சொல்லிவந்த விளக்கங்களில் இத்துணைச் சுருக்கமானது ஒன்றில்லை.

இரண்டாம் மாதிரியுருவை அவர்கள் அவ்வழியிலே ஆக்கினர். படத்தின் பின்னே ‘ஐந்தால் வகு’ என்னும் விதியை நீக்கி, உண்மையாகவே இரு தடையிகளைக் கொண்ட துணைச்சுற்று ஒன்றினை வைத்தனர். அத்தடையிகளின் பெறுமானம், பயன்படுத்துவோர் மாற்றத்தக்கதாக விடப்பட்டது. கணிப்புப் பலகையின் 5 வோல்ற்றும் மாறாப் பொருளாக அன்றி, தனி மூலமாக வரையப்பட்டது; அதனை 4.8 ஆக்கினால், மேசைமேற் கண்ட அதே 12.9 திரையிலும் தோன்றியது. உலகில் நிகழ்ந்த பிழை திரையில் நிகழ்ந்தபொழுது அவர்கள் முன்னையினும் மகிழ்ந்தனர். 25 வோல்ற்றுக்கு மேற் செல்லின் எச்சரிக்கும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது.

அடுத்துத் தடையிகளின் திருத்தம் பற்றி ஆராய்ந்தனர். கடையில் விற்கும் தடையியின்மேற் குறித்த பெறுமானம் துல்லியமானதன்று. நூற்றுக்கு 5 வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற வகை எங்கும் வழங்குவது. அத்தகைய தடையிகளில் 30 கிலோ ஓம் என்பது 31.5 ஆகவும், 7.5 என்பது 7.125 ஆகவும் அமைந்துவிட்டால், 12 வோல்ற்றுப் பற்றரி 11.07 எனத் தோன்றும். இதற்கு மாறாக 28.5 உம் 7.875 உம் ஆக அமைந்துவிட்டால், அதே பற்றரி 12.99 எனத் தோன்றும். இரண்டும் ஒருங்கே எதிர்த்திசையிற் பிழைத்தல் அரிதே; ஆயினும் நிகழக்கூடியது. பெறுமானங்களைத் தற்செயலாக மாற்றிமாற்றி ஆயிரம் முறை மென்பொருளை ஓட்டியபொழுது, விடைகள் 12 ஐச் சூழ்ந்து திரள்வதையும், சில விளிம்பிற் சிதறுவதையும் கண்டனர். நிறைவுக்கும் வெறுமைக்கும் உள்ள தூரம் 0.9 வோல்ற்று, உணரி பிழைக்கக்கூடிய தூரமும் ஏறத்தாழ அதுவே. அஃதாவது, வெறும் பற்றரியை நிறைந்தது என்றும், நிறைந்ததை வெறுமையானது என்றும் கூறவல்ல காவலனை நாம் அமர்த்தியிருக்கக்கூடும். நூற்றுக்கு 1 மாத்திரம் பிழைக்கும் தடையிகளாயின், 12 வோல்ற்றில் அப்பிழை 0.2 வோல்ற்றுக்குள் அடங்கும். அவை கிடையாவிடத்து, பல்மானி கொண்டு ஒருமுறை அளந்து, அந்த உணரிக்கே உரிய திருத்தக் காரணியைச் செய்நிரலில் எழுதுதல் வேண்டும். மாணவர் இரண்டாம் வழியையே கொண்டனர். திருத்தப்பட்ட கருவி நூலகத்தில் ஏறியது. அதன் பக்கத்தில், மாதம் ஒருமுறை பல்மானியால் ஒப்புநோக்கவேண்டும் என்னும் குறிப்பும் ஒட்டப்பட்டது.

மற்றும் ஒன்று கூறவேண்டும். கீழ்வகுப்பு மாணவன் ஒருவன் இவர்களது திரையைப் பார்த்துக்கொண்டு நின்று, “இதை வீட்டுக் கரன்டுக்குக் கொடுத்தால் என்ன?” என்று கேட்டான். மென்பொருளில் கொடுத்தால் ஓர் எண் மாறும், அவ்வளவே. வீட்டிலோ 230 வோல்ற்று. ஆடலோட்டமாகலின் அதன் உச்சம் 325 வோல்ற்று அளவுக்கு எழும். வெறும் தடையிகளாலான இவ்வுணரிக்கும் தொடுவோன் கைக்கும் இடையே காப்பு ஒன்றும் இல்லை. அவ்வழுத்தத்தை அளக்க, சிறு நிலைமாற்றியால் இரு பக்கத்தையும் வேறாக்கிய உணரிகள் உள. அவற்றையும் அறிந்தோர் துணையின்றித் தொடலாகாது. சுடாத நெருப்பிற் சமையல் கற்ற பிள்ளை, சுடும் நெருப்பின் முன் நிற்கையில் அருகே பெரியவர் ஒருவர் இருத்தல் வேண்டும். எவ்வளவு நுண்ணிய மாதிரியுருவும் உயிரச்சத்தைப் போலச் செய்யாது. இதனை மாணவருக்கு ஆசிரியரே கற்பிக்கக் கடவர்.

மாணவர் தம் மாதிரியுருவை அயற் பாடசாலை மாணவரும் பயன்படுத்துமாறு கொடுக்க விரும்பினர். கொடுப்பது நன்று. ஆனால் அதனுடன் ஒரு தமிழ்க் குறிப்பும் செல்லவேண்டும் என நான் வற்புறுத்தினேன். பிறர் ஆக்கிய மாதிரியுருக்களின் கோப்புகளைப் பெற்று, மென்பொருளின் நூலகத்தில் இட்டு, உள்ளே என்ன இருக்கின்றது என்று நோக்காமலே பயன்படுத்தும் வழக்கம் இன்று பெரிது. படம் ஒத்திருந்தால் யாவும் ஒக்கும் என நம்பிவிடுகின்றனர். ஆதலின் எங்கள் குறிப்பு மூன்று பகுதியாக அமைந்தது. இம்மாதிரியுரு எவ்வெவ்வகையில் உண்மை உணரியை ஒக்கும் என்பது முதலாவது. எவ்வெவ்வகையில் ஒவ்வாது என்பது இரண்டாவது. வெப்பத்தால் தடையியின் பெறுமானம் மாறுதலும், தளர்ந்த இணைப்பும், அயலிலிருந்து வரும் மின்னிரைச்சலும் இதில் இல்லை என அங்கு எழுதினோம். எந்த நிலையில் இதனை நம்பலாகாது என்பது மூன்றாவது. ஒவ்வாத இடத்தை மறையாது கூறுதலே கற்றோர் கடன். அக்குறிப்பின் வாக்கியங்களைத் திருத்தியதே இம்முயற்சியில் என் பங்கு. ஆயினும், இக்கல்லூரியில் நான் திருத்திய எழுத்துகளுள் பயன் மிக்கன சிலவற்றுள் அதுவும் ஒன்று என மனம் மகிழ்கின்றேன்.

இன்று மின்வெட்டு அந்த அளவில் இல்லை. ஆயினும் ஆய்வுகூடம் நிறைய உபகரணம் உள்ள பாடசாலைகள் எங்கள் பக்கத்தில் மிகச் சில. வறிய வீட்டுப் பிள்ளைக்குப் போலச்செய்யும் மென்பொருளே ஆய்வுகூடம். அதனை வேண்டாம் என்பார் அப்பிள்ளையின் நிலை அறியார். அதுவே போதும் என்பாரும் அறியார். அப்பிள்ளை திரையிற் கற்றதை மேசைமேல் ஒருமுறையேனும் உரைத்துப் பார்க்க வழி இருத்தல் வேண்டும். ஒரு பல்மானியும், அதனைச் சரிவரப் பிடிக்கக் காட்டும் ஒரு கையும் இருப்பின் அது முடியும். மூன்று மாணவரும் முதல் மாதிரியுருவோடு நின்றுவிடாமல் இரண்டாவதை ஆக்க இயன்றது, ஆசிரியர் ஒருவரின் சட்டைப்பையில் இருந்த பழைய பல்மானியால் அன்றோ?

பழைய மாணவராகிய அன்பர்களே, உங்களுள் பொறியியலாளரும் தொழினுட்பவியலாளரும் பலர் உளர். உள்நாட்டிலும் கடல் கடந்தும் உயர்ந்த பதவி வகிக்கின்றீர். யூபிலி நினைவாகக் கல்லூரிக்குக் கட்டடமும் வாயிலும் தருவோர் தருக. அத்துடன், நீங்கள் பயன்படுத்தி ஓய்ந்த அளவுகருவி ஒன்றையும், விடுமுறையில் வரும்பொழுது ஆய்வுகூடத்தில் ஒரு பிற்பகலையும் தரவேண்டுகின்றேன். மாணவச் செல்வங்களே, திரை ‘சரி’ என்று கூறுமிடத்து, எந்த வகையாற் சரி என்று ஒருமுறை கேளுங்கள். அக்கேள்வி பௌதிகவியலுக்கும் உரியது, தமிழுக்கும் உரியது.

கல்லூரி அன்னை நீடூழி வாழ்க. அவள் ஏற்றிய விளக்கு, பிள்ளைகள் அளந்து காத்த மின்னால், என்றும் எரிக.